நண்டுச் சதை எடுக்க ஆள் வேண்டும்: எச்-2பி குலுக்கலில் பின்னால் விழுந்த சின்ன முதலாளி என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை (ஜனவரி 2025)

எல்லோருக்கும் வணக்கம். எச்-1பி பற்றி இங்கே ஆயிரம் இழை ஓடியிருக்கிறது, அதில் பத்தில் நானே புலம்பியிருக்கிறேன். இது அதன் தம்பி எச்-2பி பற்றி, அதாவது வயல் வேலை அல்லாத பருவகால வேலைக்கு வெளிநாட்டு ஆட்களை அமெரிக்காவுக்குக் கூப்பிடுகிற தற்காலிக விசா.

நான் மேரிலாந்தின் கிழக்குக் கரையில், சாலிஸ்பரி பக்கம், சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். என் வாடிக்கையாளர்களில் ஒருவர் டார்செஸ்டர் கவுன்டியில் ஒரு பிக்கிங் ஹவுஸ் நடத்துகிறார், மூன்றாம் தலைமுறை. அதாவது செசபீக் விரிகுடாவில் பிடிக்கிற நீல நண்டை ஆவியில் வேகவைத்து, ஆறவைத்து, ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து டப்பாவில் போட்டு விற்கிற இடம். பெரிய ஆலை ஒன்றும் இல்லை. ஒரு கொட்டகை, நான்கு நீள எவர்சில்வர் மேசை, ஒரு குளிர் அறை, வாசலில் படகுத்துறை. ஏப்ரலில் ஆரம்பித்து நவம்பரோடு நண்டு முடிந்துவிடும். அந்த எட்டு மாதத்துக்கு மெக்சிகோவிலிருந்து 28 பெண்கள் வருவார்கள். பாதிப் பேர் பதினைந்து வருடமாக வருகிறவர்கள், சிலருடைய மகள்களும் இப்போது வருகிறார்கள்.

இந்த வருடம் குலுக்கலில் அவருக்கு விழுந்தது சி பிரிவு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எச்-2பி வருடத்துக்கு 66,000 தான், 1990-இல் சட்டத்தில் எழுதிய எண், இன்றுவரை அதே எண். அதை அரையாண்டுக்கு 33,000 என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஏப்ரலில் வேலை தொடங்குபவர்கள் எல்லோரும் ஜனவரி முதல் மூன்று நாளில் தொழிலாளர் துறையில் விண்ணப்பித்தாக வேண்டும். பிறகு கணினி குலுக்கி ஏ, பி, சி, டி என்று அடுக்குகிறது. ஏ பிரிவுக்காரர்களிலேயே 33,000 கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும்.

போன வாரம் மனிதர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இந்த வருடம் கொட்டகையைத் திறக்காமல் விட்டால் கணக்கு எப்படி வரும், போட்டுச் சொல்" என்றார். போட்டுப் பார்த்தேன். குளிர் அறைக் கடன், காப்பீடு, சொத்து வரி மூன்றும் கொட்டகை திறந்தாலும் மூடினாலும் ஒரே தொகைதான். யாராவது இந்த நிலைமையைப் பார்த்திருக்கிறீர்களா? வேறு வழி உண்டா?

எட்டாவது வருடம்

சார், கிரீன் கார்டு வரிசையில் எட்டு வருடமாக நிற்பவன் என்ற தகுதியில் சொல்கிறேன், குலுக்கல் சங்கத்துக்கு உங்கள் நண்டுக்காரரையும் வரவேற்கிறோம்.

ஒரு வித்தியாசம் கவனித்தேன். நம்முடைய குலுக்கலில் ஆளைக் குலுக்குகிறார்கள், நான் தோற்றால் என் பக்கத்து இருக்கைக்காரன் ஜெயிக்கலாம், கம்பெனி எப்படியும் ஓடும். உங்களுடையதில் கம்பெனியையே குலுக்குகிறார்கள். விழுந்தால் 28 பேர், விழாவிட்டால் பூஜ்யம். பத்தாயிரம் பேர் வேலை செய்கிற இடத்துக்கு இது தாங்கும், கொட்டகைக்கு எப்படித் தாங்கும்?

சந்தேகம்: வயல் வேலைக்கு வருகிற எச்-2ஏ-வுக்கு வரம்பே கிடையாதே? நண்டு எடுப்பதை விவசாயம் என்று சேர்த்துக்கொள்ள மாட்டார்களா?

படிவம்129

வர்ஜீனியாவில் ஒரு சட்ட அலுவலகத்தில் இதே வேலைதான் பார்க்கிறேன், பன்னிரண்டு வருடம் ஆகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1986 சட்டத்தில் பழைய எச்-2 இரண்டாக உடைந்தது, வயல் ஒரு பக்கம், மற்றதெல்லாம் இன்னொரு பக்கம். கடலிலிருந்து வந்ததைக் கரையில் உடைத்து டப்பாவில் போடுவது இந்த "மற்றதெல்லாம்" பக்கம் போய்விட்டது. லூசியானாவில் இன்னும் வேடிக்கை: வயலில் கிராஃபிஷ் என்கிற நன்னீர்ச் சிங்கி வளர்த்துப் பிடிப்பவன் எச்-2ஏ கேட்கலாம், அதே கிராஃபிஷை உரிக்கிற கொட்டகைக்காரன் எச்-2பி வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையில் யார் யார் நிற்கிறார்கள்? புல் வெட்டுகிற, தோட்டம் போடுகிற லேண்ட்ஸ்கேப்பிங்காரர்கள்தான் மிகப் பெரிய கூட்டம். அப்புறம் கடற்கரை ஹோட்டல், காட்டில் மரக்கன்று நடுபவர்கள், ஊர் ஊராய்ப் போகிற ராட்டினக்காரர்கள், மீன் வெட்டுபவர்கள். பெரிய லேண்ட்ஸ்கேப்பிங் நிறுவனமும் உங்கள் கொட்டகைக்காரரும் ஒரே பானையில்.

குலுக்கல் ஆதிகாலத்திலிருந்து இருந்ததில்லை. முன்பு முதலில் வந்தவருக்கு முதலில். புத்தாண்டு இரவு எல்லோரும் கேக் வெட்டும்போது நாங்கள் அலுவலகத்தில் மவுஸில் விரல் வைத்து 12 மணிக்காகக் காத்திருப்போம். 2019 ஜனவரி 1 அன்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அழுத்தியதில் தொழிலாளர் துறையின் இணையதளமே படுத்துவிட்டது. ஒரு வாரம் கழித்து, ஜனவரி 7-இல் திறந்தார்கள், 33,000 இடத்துக்கு 96,000 பேருக்கும் மேல் கேட்டு விண்ணப்பங்கள் வந்து விழுந்தன. அதற்குப் பிறகுதான் இந்த ஏ, பி, சி. போன வருடம், 2024 ஜனவரியில், அது 1,30,000-ஐத் தாண்டியது.

இனி கணக்குப்பிள்ளை சாருக்கு. சி பிரிவு என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம் இல்லை. 2017-இலிருந்து அநேகமாக ஒவ்வொரு வருடமும் காங்கிரஸ் கொடுத்த அனுமதியில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கூடுதல் விசா விடுகிறது. இந்த நிதியாண்டுக்கு 64,716 என்று போன நவம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். அதில் ஏப்ரல் 1 முதல் மே 14-க்குள் வேலை தொடங்குபவர்களுக்கு 19,000, ஆனால் கடந்த மூன்று நிதியாண்டுகளில் எச்-2பி-யில் வந்துபோன ஆட்களுக்கு மட்டும். உங்கள் பெண்கள் எல்லாம் அப்படித்தானே. 33,000 முடிந்ததாக அறிவித்து 15 நாள் ஆன பிறகுதான் அந்தப் பெட்டியில் மனு வாங்குவார்கள். அதற்குள் தொழிலாளர் துறைச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், ஆள் கிடைக்காவிட்டால் ஈடுசெய்ய முடியாத நஷ்டம் வரும் என்று முதலாளி உறுதிமொழி கொடுத்து, கேட்டால் காட்டக் கணக்கும் வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கை எழுதப்போவது நீங்கள்தான். இன்றே ஆரம்பியுங்கள்.

கணக்குப்பிள்ளை

அக்கா, கோடி நன்றி. நாளைக்கே பேசுகிறேன்.

தராசு

எல்லோரும் முதலாளிக்காக அழுகிறீர்கள், ஒருவன் மாற்றிப் பேசினால்தான் இழைக்கு அழகு.

இது ஆள் பஞ்சமா, சம்பளப் பஞ்சமா? ஊரில் நெல் அறுக்க ஆள் இல்லை என்று சொல்கிற பண்ணையாரிடம் "எவ்வளவு கூலி கொடுக்கிறீர்கள்" என்று கேட்டால் பேச்சை மாற்றுவார், அதே கதை. அந்த வட்டாரச் சராசரிக் கூலி கொடுத்தால் போதும் என்பது விதி. ஆள் கிடைக்காத சந்தையில் சராசரிக்கு மேலேதானே போக வேண்டும்? அது மட்டுமில்லை, வருகிற ஆள் அந்த ஒரு முதலாளியிடம்தான் வேலை செய்யலாம். முதலாளி பிடிக்காவிட்டால் ஒரே வழி விமானம். அப்படி ஒரு ஆளோடு உள்ளூர்க்காரி எப்படிப் போட்டி போடுவாள்?

சின்ன வியாபாரம், சின்ன வியாபாரம் என்கிறீர்கள். ட்ரம்ப்பின் மார்-அ-லாகோ விடுதியும் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் இதே எச்-2பி-யில்தான் சமையல்காரர், பரிமாறுபவர் எல்லாம் வரவழைக்கிறது. அதுவும் பருவகால வியாபாரம்தான், மறுக்கவில்லை.

மட்டுறுத்துனர்

விடுதியோடு நிறுத்திக்கொள்வோம். கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

தராசு, கேட்கிற கேள்வி நியாயம். நானும் முதல் வருடம் அவரிடம் இதையேதான் கேட்டேன், கொஞ்சம் மரியாதையாக.

முன்பு இங்கே நண்டு எடுத்தது உள்ளூர்ப் பெண்கள்தான். கறுப்பினப் பெண்கள், படகுக்காரர்களின் மனைவிமார். அவர்களுக்கு வயதானது, மகள்கள் மருத்துவமனை, சிறைச்சாலை, கோழி ஆலை என்று வருடம் முழுக்கச் சம்பளமும் காப்பீடும் வருகிற வேலைக்குப் போய்விட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்துதான் மெக்சிகோப் பெண்கள். பிக்கிங் ஹவுஸ்கள் இருக்கிற ஹூப்பர்ஸ் தீவுக்குப் போயிருக்கிறீர்களா? இங்கே இருக்கிற கேம்பிரிட்ஜ் ஊரிலிருந்து சதுப்பு நிலத்தைக் கிழித்துக்கொண்டு போகிற ஒரே சாலை, அமாவாசை பௌர்ணமி ஓதத்தில் சாலை மேலேயே தண்ணீர் ஏறும். பேருந்து கிடையாது. எட்டு மாதம் வேலை, நான்கு மாதம் சும்மா, விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார வேண்டும். போன வருடமும் விதிப்படி விளம்பரம் கொடுத்தோம், வேலை தொடங்க 21 நாள் இருக்கும் வரை எந்த உள்ளூர்க்காரர் வந்தாலும் எடுத்தே ஆக வேண்டும். மூன்று பேர் விண்ணப்பித்தார்கள், ஒருவர் வந்தார், இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. நான் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன், அரை மணி நேரத்தில் கட்டைவிரலில் மூன்று இடத்தில் கீறல், எடுத்த சதையில் பாதி ஓடு.

சம்பளத்தைக் கூட்டலாம் என்றால், எவ்வளவு வரை? கூலி, எடுத்த சதையின் பவுண்டுக் கணக்கு, மணிக் கணக்கு இரண்டில் எது அதிகமோ அது. தேர்ந்த கை ஒரு நாளைக்கு 30, 40 பவுண்டு எடுக்கும். அந்தக் கைகளுக்கு நல்ல காசு, புதுக்கைக்குத்தான் கஷ்டம். கடையில் மேரிலாந்து லம்ப், அதாவது பின்னங்கால் தசையிலிருந்து உடையாமல் வருகிற பெரிய துண்டு, ஒரு பவுண்டு 40 டாலருக்கு மேல். அதே அலமாரியில் இந்தோனேசியா டப்பா, பிலிப்பைன்ஸ் டப்பா, வெனிசுவேலா டப்பா, எல்லாம் அதைவிட மலிவு. இன்னும் ஐந்து டாலர் ஏற்றினால் உணவகக்காரர் "சரி, நன்றி" என்று சொல்லிவிட்டு அந்த டப்பாவை வாங்கிப் போய்விடுவார். ஆகவே இவர் உண்மையில் போட்டி போடுவது உள்ளூர்ப் பெண்ணோடு இல்லை.

2018-இல் இந்தப் பக்கத்துப் பிக்கிங் ஹவுஸ்களுக்கு வழக்கமாக வருகிற சுமார் 500 பேரில் ஏறக்குறைய 200 பேருக்கு விசா கிடைக்கவில்லை. அந்த வருடம் கொட்டகைகளில் உள்ளூர்க்காரர்கள் வந்து நிறையவில்லை. கொட்டகைகள் பாதி ஓடின, சில ஓடவேயில்லை. நண்டு பிடிப்பவன் என்ன செய்வான்? கூடையில் உயிரோடு விற்கப் பெரிய ஆண் நண்டுதான் போகும். பெண் நண்டையும் பொடி நண்டையும் வாங்குவதே பிக்கிங் ஹவுஸ்தான். அது மூடினால் படகுக்காரனுக்கும் அடி. அவன் யாரையும் வெளிநாட்டிலிருந்து அழைத்து வரவில்லை பாருங்கள்.

பாம்பன்காற்று

கணக்குப்பிள்ளை அண்ணா, அந்த அலமாரியில் இன்னொரு டப்பாவை விட்டுவிட்டீர்கள். எங்கள் டப்பா.

மண்டபம், பாம்பன் பக்கம் நீலக்கால் நண்டு பிடித்துக் கொண்டுவருவதை வேகவைத்து, உடைத்து, சதை எடுத்து, பாஸ்சுரைஸ் பண்ணி டப்பாவில் அடைத்து அனுப்புகிறார்கள். பெரும்பாலும் போவது அமெரிக்காவுக்கு. என் மதினி அந்த வேலைதான் செய்கிறார். ஊரில் "நண்டு கம்பெனி" என்றால் எல்லோருக்கும் தெரியும். கையுறை, தலையில் வலைத்தொப்பி, வாயில் துணி, காலில் பூட்ஸ், வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். உங்கள் கொட்டகையை நீங்கள் விவரித்ததைப் படித்துக் காட்டினேன், "ஐந்து மணிக்கா? எங்களுக்கும் அப்படித்தான்" என்றார், அவ்வளவுதான் ஆச்சரியம்.

இங்கேயும் வரத்து இருந்தால்தான் வேலை. காற்றுக்காலத்தில் படகு போகாவிட்டால் வேன் வராது, வேன் வராவிட்டால் கூலி கிடையாது. தராசு அண்ணன் சொல்கிற சம்பளக் கேள்வியை நான் இங்கேயும் கேட்கிறேன், மதினி கூலி டாலரில் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

எட்டாவது வருடம்

தம்பி, இது எனக்குத் தோன்றவே இல்லை. போன மாதம் பால்டிமோரில் "மேரிலாந்து கிராப் கேக்" என்று ஒரு நண்டு வடையைக் காசு கொடுத்துச் சாப்பிட்டேன். அது உங்கள் மதினி கைபட்டதாகக்கூட இருக்கலாம்.

கணக்குப்பிள்ளை

நிச்சயம் இருக்கலாம். ஓஷியானா என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு 2015-இல் டிஎன்ஏ பார்த்துச் சொன்னது, இந்தப் பகுதியில் உள்ளூர் நண்டு என்று விற்ற கிராப் கேக்குகளில் 38 சதவீதம் வேறு நண்டு. மேலே தூவுகிற மசாலா மட்டும் மேரிலாந்து.

வடமராட்சி

கணக்குப்பிள்ளை அண்ணை, நான் ஒன்ராறியோவில் லெமிங்டனுக்குக் கிட்ட இருக்கிறேன், கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி விளைகிற ஊர். ஒரு கூடாரத்தில் கொதிகலன் பராமரிக்கிற வேலை எனக்கு.

கனடாவில் இந்தக் குலுக்கல் கூத்து இல்லை. பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் 1966-இல் ஜமைக்காவிலிருந்து 264 பேரோடு தொடங்கியது, 1974-இல் மெக்சிகோவும் சேர்ந்தது. வருடத்தில் கூடினது எட்டு மாதம், டிசம்பர் 15-க்குள் திரும்பிவிட வேண்டும். எத்தனை பேர் என்று உச்ச வரம்பு கிடையாது, முதலாளி பெயர் குறித்து "இவரைத் திரும்ப அனுப்பு" என்று கேட்கலாம். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெயர் குறிக்கிறதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் கூடாரத்தில் ஒரு ஜமைக்காக்காரர், இருபத்திரண்டு வருடமாக வருகிறார். முதுகுவலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒருநாள் கொதிகலன் அறையில் என்னோடு கதைக்கும்போதுதான் சொன்னார், சொன்னால் அடுத்த வருடம் பட்டியலில் பெயர் இருக்காது என்று. இருபத்திரண்டு வருடம் இங்கே வரி கட்டியவருக்கு இங்கே நிரந்தரமாக இருக்க வழி இல்லை. நான் அகதியாக வந்து மூன்று வருடத்தில் கார்டு எடுத்தவன். அவருக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆக, குலுக்கலை எடுத்துவிட்டால் முதலாளிக்கு நிம்மதி. ஆளுக்கு நிம்மதியா என்பது வேறு கணக்கு.

தராசு

இதைத்தான் நான் மூன்று பத்தியில் சொல்லத் தெரியாமல் சொன்னேன்.

குமரிமுனை

எச்-2பி என்ற சொல்லை எங்கள் பக்கம் பலர் கேள்விப்பட்டது வேறு விதமாக. கத்ரினா புயலுக்குப் பிறகு, 2006-இல், சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கப்பல், எண்ணெய் மேடை பழுதுபார்க்கும் நிறுவனம் இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களையும் பைப் ஃபிட்டர்களையும் மிசிசிப்பி, டெக்சாஸ் தளங்களுக்கு எச்-2பி-யில் கூட்டிப் போனது. கிரீன் கார்டு கிடைக்கும் என்று சொல்லி முகவர்கள் ஆளுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் வாங்கியிருந்தார்கள். நிலம் விற்றவன், வட்டிக்கு வாங்கியவன், மனைவி தாலியை அடகு வைத்தவன். அங்கே போனால் ஒரு ட்ரெய்லர் வீட்டில் 24 பேர் வரை, அதற்கு மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தம். 2008-இல் வேலையை விட்டு வெளியேறி, நியூ ஆர்லியன்ஸிலிருந்து வாஷிங்டன் வரை போராடிப் போய், உண்ணாவிரதம் இருந்தார்கள். 2015 பிப்ரவரியில் ஜூரி முதல் ஐந்து பேருக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, நிறுவனம் அந்த வருடமே திவால் மனு போட்டது.

அது பருவகால வேலையும் இல்லை, சின்ன முதலாளியும் இல்லை, தெரியும். சொல்ல வந்தது முகவரைப் பற்றி. எங்கள் தெருவில் ஒரு வெல்டர், அதே விசா என்று ஒரு உள்ளூர் முகவரிடம் மூன்று லட்சம் கொடுத்தார். விசாவும் வரவில்லை, பணமும் வரவில்லை, அந்த ஆள் இப்போதும் ஊரில்தான் இருக்கிறான், கல்யாண வீட்டில் பார்த்தால் சிரிக்கிறான். கணக்குப்பிள்ளை அவர்களே, உங்கள் 28 பெண்களும் அங்கே யாருக்காவது பணம் கொடுத்தா வருகிறார்கள்? கேட்டுப் பார்த்ததுண்டா?

கணக்குப்பிள்ளை

இரண்டு நாள் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும். கேட்டதில்லை என்பதுதான் உண்மை. என் கையில் இருப்பது முதலாளியின் கணக்கு. அதில் பேருந்துக் கட்டணம், விசாக் கட்டணம் எல்லாம் அவர் கொடுத்ததாக ரசீதோடு இருக்கிறது. அந்தப் பெண்களின் ஊரில், சான் லூயிஸ் போடோசியில், பெயர் சேர்க்கிற ஒரு பெண்மணி உண்டு, பழைய தொழிலாளிதான். அவருக்கு யாராவது ஏதாவது கொடுக்கிறார்களா என்பது என் ரசீதில் வராது.

2010-இல் அமெரிக்கன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியும் ஒரு மெக்சிகோத் தொழிலாளர் உரிமை அமைப்பும் சேர்ந்து இந்தக் கரை நண்டுப் பெண்களைப் பற்றியே ஒரு அறிக்கை எழுதின. கடன் வாங்கி முகவருக்குக் கொடுத்தது, ஓடு குத்திய காயம், வண்டி இல்லாமல் தீவிலேயே கிடப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. நான் இங்கே வந்த புதிதில் படித்தேன், பிறகு மறந்துவிட்டேன் என்று சொல்வதைவிட மறந்துவிட வசதியாக இருந்தது என்று சொல்வது சரி. இந்த முறை கேட்கிறேன்.

படிவம்129

குமரிமுனை சொன்னது இப்போதும் நடக்கிறது, எல்லா நாட்டிலும். விதி என்னவோ தெளிவு: ஆள் சேர்க்கக் காசு வாங்கக் கூடாது, விசாச் செலவை முதல் வாரச் சம்பளத்தோடு திருப்பிக் கொடுக்க வேண்டும், பாதிக் காலம் வேலை செய்தால் வந்த பயணச் செலவு, முழுக்கச் செய்தால் போகிற செலவு. இந்த ஜனவரி 17 முதல் புது விதிகள் அமலுக்கு வருகின்றன. காசு வாங்கிய முகவரை வைத்திருந்த முதலாளியின் மனுவையே நிராகரிக்கலாம். வேலை போனால் வேறு முதலாளி தேட 60 நாள் அவகாசம். வேறு முதலாளி மனுப் போட்டாலே அவரிடம் வேலை தொடங்கலாம். தராசு சொன்ன "ஒரே வழி விமானம்" கொஞ்சமாவது மாறும். ஆனால் தீவில் இருக்கிற பெண் வண்டி இல்லாமல் அறுபது நாளில் எந்த முதலாளியைத் தேடுவாள் என்று கேட்காதீர்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. ஒப்பந்தத்தில் சொன்ன வேலை நேரத்தில் முக்கால் பங்காவது கொடுத்தே ஆக வேண்டும், வேலை இல்லை என்று உட்காரவைத்தாலும் சம்பளம் உண்டு என்று 2015 விதியில் இருக்கிறது. அதை அமல்படுத்தத் தொழிலாளர் துறை ஒரு காசு செலவிடக் கூடாது என்று 2016-க்கான நிதி மசோதாவில் ஒரு வரி நுழைந்தது. பிறகு வருடா வருடம் அந்த வரி தொடர்ந்து வருகிறது. விதி புத்தகத்தில் இருக்கிறது, காவல்காரனின் கையைக் கட்டியாயிற்று. அந்த வரியைக் கேட்டு வாங்கியவர்கள் சின்ன முதலாளிகளின் சங்கங்கள்தான், இதையும் சொல்லிவிடுகிறேன், என் சம்பளம் அவர்களிடமிருந்துதான் வருகிறது என்றாலும்.

எட்டாவது வருடம்

தராசுக்கு ஒரு தகவல். மைக்கேல் கிளெமன்ஸ், ஈதன் லூயிஸ் என்று இரண்டு பொருளியலாளர்கள் 2021 எச்-2பி குலுக்கலையே சோதனைச் சாலையாக வைத்து ஆராய்ந்தார்கள். ஜெயித்த கம்பெனி, தோற்ற கம்பெனி இரண்டையும் ஒப்பிட்டால், தோற்றவர்களின் வருமானம் விழுந்தது, அந்த இடத்தில் அமெரிக்கர்களை அதிகம் வேலைக்கு எடுத்ததாகத் தெரியவில்லை. குலுக்கல் என்பதால் "நல்ல கம்பெனி ஜெயித்திருக்கும்" என்ற சாக்கும் சொல்ல முடியாது.

தராசு

படித்தேன். நல்ல வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஒரு வருடத்துக்குள் உள்ளூர்க்காரர் வந்து நிரப்ப மாட்டார் என்பது அதில் தெரிகிறது. முப்பது வருடமாக இந்த வழி இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தொழில் எப்படி மாறியிருக்கும் என்பதை எந்தக் குலுக்கலும் காட்டாது. சதை எடுக்க இயந்திரம் வந்திருக்குமோ என்னவோ.

கணக்குப்பிள்ளை

இயந்திரம் வந்தது. ஓட்டையும் சேர்த்து அரைத்தது.

தராசு

அப்படியென்றால் தொழில் போயிருக்கும். போனால் போகட்டும் என்று சொல்ல வந்தேன், பாம்பன்காற்று மதினி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். அங்கே போனாலும் இதே கேள்விதான்.

வடமராட்சி

முதலாளிக்கு ஒரு வருடம் குலுக்கலில் விழாவிட்டால் அந்த 28 பெண்களும் என்ன செய்வார்கள், அண்ணை?

கணக்குப்பிள்ளை

வேறு பிக்கிங் ஹவுஸுக்குப் பட்டியல் இருந்தால் போவார்கள். இல்லாவிட்டால் வீட்டில். 2018-இல் ஒரு அம்மா மான்டெரே நகரத்தில் வீட்டுவேலைக்குப் போனாராம். மகன் படிப்பை நிறுத்திவிட்டான், அடுத்த வருடம் இவர் திரும்பி வந்தும் அவன் பள்ளிக்கூடம் திரும்பவில்லை.

கூடுதல் விசா என்பதும் ஒவ்வொரு வருடமும் கையேந்துகிற ஏற்பாடுதான். 2005-இல் எங்கள் மாநிலச் செனட்டர் பார்பரா மிகுல்ஸ்கி, முன்பு வந்துபோனவர்களை வரம்பில் எண்ணக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார். இரண்டு மூன்று வருடம் ஓடியது, காலாவதியானது, 2016-இல் ஒரு வருடம் திரும்ப வந்தது, போனது. பழைய ஆளைப் புது ஆளாக எண்ணாதே என்கிற இந்தச் சின்ன விஷயத்தை நிரந்தரமாக்கினாலே என் நண்டுக்காரர் தூங்குவார். அதோடு அந்தப் பெண்களுக்கு முதலாளியை மாற்றுகிற உரிமையையும் உண்மையாகக் கொடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பேசினால் இரண்டு பக்கமும் அடிக்க வருகிறார்கள், அதனால்தான் வருடா வருடம் இந்தக் குலுக்கல்.

கணக்குப்பிள்ளை (ஜூன் 2025)

கேட்டவர்களுக்காக நிலவரம். மார்ச் முதல் வாரத்தில் 33,000 முடிந்தது. அக்கா சொன்னபடி சான்றிதழைத் தயாராக வைத்திருந்து, பெட்டி திறந்த அன்றே கூடுதல் விசாவுக்கு மனுப் போட்டோம். நஷ்டக் கணக்கு மட்டும் 41 பக்கம். 28-இல் 22 பேருக்கு அனுமதி கேட்டோம், மற்ற ஆறு பேர் கடந்த மூன்று நிதியாண்டுகளில் வராதவர்கள். மே கடைசி வாரம் 19 பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்குத் தூதரகத்தில் மறுத்துவிட்டார்கள், இருவர் காத்திருந்து அலுத்து வட கரோலைனா போய்விட்டார்கள். ஏப்ரல், மே நண்டு போனது போனதுதான், உயிர் நண்டாக விற்றதில் டீசல் செலவுக்குத்தான் வந்தது.

குமரிமுனை, கேட்டேன். என் ஸ்பானிஷ் உருப்படி இல்லை, அவர்களில் ஒருவரின் மகள் மொழிபெயர்த்தாள். பட்டியலில் பெயர் சேர்க்கப் பணம் கொடுத்தது இருவர் என்று சொன்னார்கள், இன்னும் யாரும் இருக்கலாம், கணக்கு எழுதுகிறவனிடம் முழுக்கச் சொல்வார்களா? முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்து போய், அந்தப் பெண்மணிக்குப் போன் போட்டார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அந்த இருவருக்கும் பணத்தைக் கொடுத்து ரசீது வாங்கி என் மேசையில் வைத்தார். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாம்பன்காற்று தம்பி, இங்கே சதை எடுக்கிற கத்தி எப்படி இருக்கும் என்று மதினி கேட்டதாகச் சொன்னாயே, படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பாம்பன்காற்று

வந்தது அண்ணா. காட்டினேன். மதினி ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பிடி குட்டையாக இருக்கிறதே, சாயந்திரம் மணிக்கட்டு வலிக்காதா, துணி சுற்றிக்கொள்கிறார்களா என்று கேள்" என்கிறார்.

கணக்குப்பிள்ளை

துணி இல்லை, பிளாஸ்திரி சுற்றுகிறார்கள். பிடியில் ஒன்று, கட்டைவிரலில் ஒன்று. பெட்டி பெட்டியாக வாங்குகிறோம், அதற்குக் கணக்கில் தனித் தலைப்பே இருக்கிறது.